அசையாமல் கேட்டவர்

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்வதுதான் அவருடைய தொழில். நோயாளியைப் பார்த்து அனுப்பிய கையோடு டாக்டர் ஒரு சின்னக் கருவியை வாய்க்கு அருகே பிடித்து, இன்னாருக்கு இன்ன இடத்தில் வலி, இத்தனை நாளாக, இன்ன மருந்து கொடுத்திருக்கிறேன் என்று மளமளவென்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். அந்தக் குரல் மருந்துக்கடைக்கு மேலே இருந்த அலுவலகத்துக்கு வந்து அவருடைய ஹெட்போனில் ஒலிக்கும். மேசைக்கு அடியில் ஒரு பெடல். கால் விரலால் மிதித்தால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். குதிகாலால் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போய், சொன்னதையே திரும்பச் சொல்லும். எத்தனை தரம் கேட்டாலும் முகம் சுளிக்காது. இருபத்திரண்டு வருடம் அவர் மனிதர்களோடு பழகியது பெரும்பாலும் இந்த முறையில்தான்.

அந்த வேலைக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. முதலாவது, காதில் விழாததை ஊகித்து எழுதக் கூடாது. இடம் விட்டுக் குறி போட வேண்டும். இரண்டாவது, குரல் நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. டாக்டர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருக்கலாம், யோசித்துக்கொண்டிருக்கலாம், கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கலாம். காத்திருக்க வேண்டும். மூன்றாவது, நடுவில் டாக்டர் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது நமக்குச் சொன்னதல்ல. காதில் விழும், விழாத மாதிரி இருந்துவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் இந்த மூன்றாவது வழக்கம் தெரியாமல், “நோயாளிக்கு இரண்டு வாரமாக வறட்டு இருமல், வரும்போது பால் வாங்கி வர மறந்துவிடாதே” என்று சுத்தமாகத் தட்டச்சு செய்து மருத்துவமனைக்கே அனுப்பிவிட்டார். அலுவலகம் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இவரிடம் அப்படி எந்தத் தவறும் நடந்ததில்லை. நாற்காலி கிறீச்சிட்டால் ஒரு சொல் போய்விடும் என்று ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். எச்சில் விழுங்குவதைக்கூட டாக்டர் மூச்சு விடும் இடம் பார்த்துத்தான் விழுங்குவார். அலுவலகத்தில் அவருக்கு ‘தூண்’ என்று பெயர். கேலியாகத் தொடங்கியது, நாளடைவில் மரியாதை சேர்ந்து ‘தூண் சார்’ ஆயிற்று. அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

வாயைத் திறந்து நடத்த வேண்டிய காரியங்களை எல்லாம் வீட்டில் மனைவி பார்த்துக்கொண்டாள். காஸ்காரரை அதட்டுவது, குழாய் ஒழுகுவதைப் பற்றி வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டுவது, உறவுக்காரர்களிடம் ‘அவருக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு’ என்று கூசாமல் பொய் சொல்வது, எல்லாம் அவள்தான். “அவர் காதால சம்பாதிக்கிறார், நான் வாயால செலவழிக்கிறேன்” என்பாள். குழந்தை இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவளோடு வீட்டில் பேச்சும் போயிற்று. அதற்கு அடுத்த வருடம் அலுவலகமும் போயிற்று. டாக்டர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் இயந்திரம் வந்துவிட்டது. எல்லோரும் ஒருநாள் ஹெட்போனைச் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கைகுலுக்கிவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவருக்குப் பேச ஆள் இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அன்றைக்கு அக்கா போன் செய்வாள். ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் மகனோடும் மருமகளோடும் இருந்தாள். பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த வீட்டின் பின்பக்க அறையில் போய்த்தான் முடியும்.

“எத்தனை நாளைக்குடா ஒத்தையா கிடப்பே? வந்துடு. ஜன்னல் இருக்கு, காத்து வருது. மருமக ஒண்ணும் சொல்லமாட்டா.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரை உறுத்தும். ஒன்றும் சொல்லமாட்டாள் என்று சொல்ல வேண்டியிருக்கிறதே. சொந்த வீட்டில் பேசாமல் இருந்தால் அமைதியான மனிதர் என்பார்கள். அடுத்தவர் வீட்டில் பேசாமல் இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்பார்கள். இந்த இரண்டு அறைகளும் வாடகைதான் என்றாலும், இங்கே அவருடைய மௌனத்துக்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது. இந்த மாதக் கடைசிக்குள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறீர்களா, காலி செய்கிறீர்களா என்று வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். வேலை கிடைத்தால் இங்கே. கிடைக்காவிட்டால் பின்பக்க அறை. நடுவில் வேறு வழி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நிறுவனம் அவரை நேர்காணலுக்கு அழைத்தது. இயந்திரம் எழுதியதைக் கேட்டுச் சரிபார்க்கும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். நேர்காணலும் கம்ப்யூட்டர் வழியாகத்தான், புதன்கிழமை பதினோரு மணிக்கு. ‘முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், வெளியிலிருந்து சத்தம் வராத இடத்தில் அமர வேண்டும்’ என்று கடிதத்தில் போட்டிருந்தது.

முகத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சத்தத்தைப் பற்றித் தெரியும். அதிலிருந்தே தொடங்கினார்.

போனை மேசைமேல் வைத்து, யாரும் பேசாத அறையைக் கொஞ்ச நேரம் பதிவு செய்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். ஆளில்லாத அறை என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் இவ்வளவு கூட்டமா என்று இருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகியது. குளிர்சாதனப் பெட்டி பெருமூச்சு விட்டது. குளியலறைக் குழாய் சொட்டியது. சுவர்க் கடிகாரம் நடந்துகொண்டே இருந்தது. ஜன்னல் திரை கம்பியில் உரசியது. எல்லாவற்றுக்கும் கீழே, தரைத்தளத்துத் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடியது. ஒவ்வொன்றாக அடக்கினார். குழாய்க்கு அடியில் துணியைப் போட்டார். கடிகாரத்தைக் கழற்றி உள்ளறை அலமாரியில் துணிகளுக்கு நடுவே படுக்க வைத்தார். விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தினார். திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். பின்னால் வெறும் சுவர் வரும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். நாற்காலியே கிறீச்சிட்டது. அதைத் தள்ளிவிட்டு மனைவி உட்காரும் மர ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

அடுத்தபடியாகத் தன் குரலைப் பதிவு செய்து கேட்டார். “வணக்கம். நான் இருபத்திரண்டு வருடம்...” என்று தொடங்கியது. அங்கேயே நிறுத்திவிட்டார். துருப்பிடித்த கதவைத் திறப்பது போல இருந்தது. கடைசியாக யாரிடம் பேசினோம் என்று யோசித்துப் பார்த்தார். வியாழக்கிழமை, கடையில், பை வேண்டாம் என்று சொன்னது ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், “சரி, நான்தான் ஆபீசர். ஆரம்பிக்கலாமா?” என்றாள்.

“ஆபீசர்னு எல்லாம் யாரும் இல்லக்கா.”

“எதிர்த்துப் பேசாதீங்க. வேலை வேணுமா வேணாமா? உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

அவர் யோசித்தார்.

“தம்பி? தூங்கிட்டியா?”

“யோசிக்கிறேன்க்கா.”

“உன்னைப் பத்திச் சொல்ல நீயே யோசிக்கணுமா? என்னைக் கேளு, நிறுத்தாம ஒரு மணி நேரம் சொல்றேன். ம், ஆகட்டும்.”

“நான் இருபத்திரண்டு வருஷமா ஒரே ஆபீஸ்ல வேலை பாத்தேன்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“கல்லறையில எழுதறதுகூட இதைவிட நீளமா இருக்கும்டா! ரெண்டு வார்த்தை சேத்துப் பேசினா காசு பிடிச்சுக்குவாங்களா? வீடு சொந்தமா, வாடகையா?”

“அதெல்லாம் கேக்கமாட்டாங்க.”

“ஆளைத் தெரிஞ்சுக்கணும்னா அதைத்தானே கேக்கணும்? வேற என்னத்தைக் கேப்பாங்க?”

“உங்ககிட்ட இருக்கிற குறை என்னன்னு கேப்பாங்களாம்.”

“அதுக்குப் பதில் நான் சொல்றேன். நீ எழுதிக்கோ. பேப்பர் நிறைய இருக்கா?”

அவர் சிரித்துவிட்டார். சிரித்த சத்தம் சாத்திய அறையில் அவருக்கே புதிதாகக் கேட்டது. அன்றைக்கும் திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் அக்கா விடாமல் கூப்பிட்டு அவரைக் கேள்வி கேட்டுத் துளைத்தாள். செவ்வாய்க்கிழமை முடிவில், “தேறிட்டே. கெடச்சா நல்லது. கெடைக்கலேன்னா பின்னாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கு” என்றாள். அவர் சரி என்றார்.

சட்டை ஒன்று வேண்டியிருந்தது. இருந்ததில் நல்லதை எடுத்துக்கொண்டு கீழே தையற்கடைக்குப் போனார். தையல்காரம்மா சட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

“காலர் நைஞ்சு போச்சே சார். பிரிச்சுத் திருப்பி வச்சுத் தைச்சுடறேன். உள்பக்கம் புதுசாட்டம் இருக்கு பாருங்க.”

“சரிங்க. இன்னொண்ணு...” என்று அவர் தயங்கினார். “நாளைக்குப் பதினோரு மணிக்குக் கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்த முடியுமா?”

“மெஷினையா? ஏன், மேல யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“இன்டர்வியூ.”

“மாடியிலயா? யாரு வர்றாங்க?”

“யாரும் வரல. கம்ப்யூட்டர்ல.”

“ஓ, அதுவா! அப்ப இடுப்புக்கு மேலதான் தெரியும். பேன்டைப் போய் வீணா இஸ்திரி போட்டுட்டு இருக்காதீங்க.”

“எழுந்து நிக்கச் சொன்னா?”

“எதுக்குச் சொல்றாங்க? பள்ளிக்கூடமா அது?” நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சார், நீங்க இவ்வளவு பேசி நான் இன்னைக்குத்தான் கேக்கறேன். மேல ஆள் இருக்காங்களா இல்லையான்னு குழாயில தண்ணி வர்ற சத்தத்தை வச்சுத்தான் தெரிஞ்சுக்குவேன்.”

அவர், “தண்ணியை இனிமே மெதுவாத் திறக்கறேன்” என்றார்.

“ஐயோ, நான் குறை சொல்லல சார்!” என்றாள் அவள்.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கீழே இயந்திரம் நின்றது. பேன்டுக்கும் இஸ்திரி போட்டிருந்தார். திருப்பித் தைத்த காலர் கழுத்தில் விறைப்பாக நின்றது. ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். வீட்டில் ஓர் ஊசி விழுந்திருந்தாலும் கேட்டிருக்கும். விழ ஊசியும் இல்லை.

திரையில் இரண்டு பேர் வந்தார்கள். கடிதம் அனுப்பிய பெண் ஒருத்தி. கண்ணாடி போட்ட ஒருவர். அவர்களும் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள். முதல் கேள்விகள் அக்காவின் கேள்விகளைவிடச் சுலபமாக இருந்தன. தன்னைப் பற்றி ஆறேழு வாக்கியம் தடங்கலில்லாமல் சொன்னார். பெண் தலையாட்டினாள். கண்ணாடிக்காரர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வந்தார்.

“இப்ப ஒரு பதிவு இருக்குன்னு வச்சுக்குங்க. டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை சரியாக் கேக்கல. மெஷின் அதுவா ஒண்ணைப் போட்டு நிரப்பிடுச்சு. படிச்சுப் பாத்தா சரியாத்தான் தோணுது. அந்த மாதிரி இடத்துல நீங்க...”

அங்கே குரல் நின்றது. கண்ணாடிக்காரர் குனிந்து ஒரு காகிதத்தைப் புரட்டினார்.

காகிதம் புரளும் சத்தம் அவருக்கு நன்றாகப் பழக்கமானது. மீதி வாக்கியம் வரும் என்று காத்திருந்தார். கேள்வி அதோடு முடிந்துவிட்டது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. திரையின் நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி, மூச்சைச் சிறிதாக்கிக்கொண்டு, இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். பின்னால் வெறும் சுவர். திரைச்சீலை இல்லை, விசிறி இல்லை, அசைய ஒரு காலண்டர்கூட இல்லை.

“நின்னு போச்சா?” என்று பெண் கேட்டாள்.

“அப்படித்தான் தெரியுது. கண்ணுகூட இமைக்கல பாரு” என்றார் கண்ணாடிக்காரர்.

“சத்தமும் வரல. பொதுவா எல்லார் வீட்டுலயும் பின்னாடி ஏதாவது ஓடும். இங்க ஒண்ணுமே இல்ல.”

“லைன் போயிருக்கும். பாவம், பெரியவர் நல்லாத்தான் பேசிட்டு இருந்தார்.”

“மறுபடி வரச் சொல்லலாமா?”

“அடுத்த ஆள் காத்திருக்காரே. அப்புறம் பாத்துக்கலாம்.”

ஒரு சொல் விடாமல் அவர் காதில் விழுந்தது. ஆனால் அது அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது. அவருக்குச் சொன்னது அல்ல. இன்னும் கொஞ்சம் விறைப்பாக, இடைஞ்சல் செய்யாமல், கேட்காத மாதிரி இருந்தார். ‘பாவம், பெரியவர்’ என்றபோது, யாரோ ஒருவருக்கு லைன் போய்விட்டதே என்று அவருக்கும் ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பெரியவர் தான்தான் என்பது புரிந்து, “இல்ல, நான்...” என்று வாயெடுப்பதற்குள் திரை கறுத்துவிட்டது. ‘சந்திப்பு முடிந்தது’ என்று எழுத்து வந்தது.

அவருடைய குதிகால் தானாக வெறும் தரையை அழுத்தியது. எதுவும் பின்னால் போகவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தார் என்று சொல்ல முடியாது. கடிகாரம் அலமாரிக்குள் கிடந்தது. முதலில் கோபம் வந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. சரி, வெள்ளையடித்த அறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஜன்னல் இருக்கிறது, காற்று வருகிறது. அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அக்காவிடம் ஒரு தரமாவது கேட்டிருக்கலாம். அவர் எதையும் கேட்டதில்லை. யாரிடமும். சொல்வதைக் கேட்டுக்கொள்வதோடு சரி.

கீழே இருந்து தையல்காரம்மா படிக்கட்டுப் பக்கம் வந்து குரல் கொடுத்தாள். “சார், முடிஞ்சுதா? ஓட்டலாமா?”

அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “ஓட்டுங்க.”

“என்ன ஆச்சு? முகம் ஏன் இப்படி இருக்கு?”

“படம் நின்னு போச்சுன்னு நினைச்சு கட் பண்ணிட்டாங்க. நான் நல்லாத்தான் இருந்தேன். அசையாம இருந்தேன், அவ்வளவுதான்.”

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள் என்பது தெரிந்தது. “அதை என்கிட்ட சொல்லி என்ன சார் பிரயோஜனம்? போன் இருக்குல்ல? உசிரோடதான் இருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க!” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இயந்திரம் கடகடத்தது.

கடிதத்தின் அடியில் ஒரு போன் எண் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவரை அவராகப் போனில் கூப்பிட்டது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. அந்த இலாகா மனைவியுடையது. எண்ணை இரண்டு தரம் அழுத்தி இரண்டு தரமும் அழித்தார். மூன்றாவது தரம் மணி அடித்துவிட்டது.

“ஹலோ?” என்றது அந்தப் பெண்ணின் குரல்.

“நான் நிக்கல” என்றார் அவர்.

“யாரு பேசறீங்க?”

“இப்ப... கொஞ்சம் முன்னாடி உங்ககிட்ட பேசிட்டு இருந்தவன். படம் நிக்கல மேடம். நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

மறுமுனையில் மூச்சு நின்று திரும்பியது. “அப்ப நாங்க பேசினது எல்லாம் கேட்டுதா?”

“கேட்டுது.”

“பெரியவர்னு சொன்னது...”

“அது பரவாயில்ல.”

“ஐயோ! அப்ப ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லல? கையையாவது ஆட்டியிருக்கலாமே?”

ஏன் சொல்லவில்லை என்பதை அவர் சொன்னார். காகிதம் புரள்வதைப் பற்றி, டாக்டர் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதைப் பற்றி, பால் வாங்கி வரச் சொன்ன கதையைப் பற்றி. அலுவலகத்துக்கு வெளியே யாரிடமும் அவர் இதையெல்லாம் சொன்னதில்லை. அலுவலகத்தில் சொல்ல வேண்டிய தேவை இருந்ததில்லை. பால் கதைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “இருங்க, அவரையும் சேத்துக்கறேன்” என்றாள். சிறிது நேரத்தில் கண்ணாடிக்காரரின் குரலும் வந்தது.

“அது என்ன சார் பின்னாடி சத்தம்?”

“கீழ தையல் மெஷின். நிறுத்தச் சொல்லட்டுமா?”

“வேண்டாம் வேண்டாம், ஓடட்டும். அது ஓடற வரைக்கும் நீங்க இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியும். எங்க விட்டோம்? மெஷின் ஊகிச்சுப் போட்டிருக்கு, சரியாத்தான் தோணுது. என்ன பண்ணுவீங்க?”

“திரும்பக் கேப்பேன். கேக்கலேன்னா அழிச்சுட்டு, இடம் விட்டுக் குறி போடுவேன்.”

“சரியா இருந்தாலுமா?”

“சரியா இருக்கற மாதிரிதானே இருக்கு. டாக்டரைத்தான் கேக்கணும்.”

இன்னும் நாலைந்து கேள்விகள். கடைசியில் அந்தப் பெண், “எங்ககிட்ட நீங்க ஏதாவது கேக்கணுமா சார்?” என்றாள்.

அக்கா இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அதற்கு அவரிடம் தயாரித்த பதிலும் இல்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டார்.

“வேலை நேரத்துல யார்கூடயாவது பேச வேண்டி வருமா?”

“இல்ல சார், அந்தத் தொந்தரவே கிடையாது. எதுவா இருந்தாலும் எழுதித்தான் கேட்டுக்குவோம்.” அவர் ஒன்றும் சொல்லாததைக் கவனித்து அவள் குரல் சற்று மாறியது. “நீங்க பேசறதுக்கு ஆள் இருப்பாங்களான்னு கேக்கறீங்களா?”

“ஆமா.”

“பேசக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல சார். யாரும் பேசறதில்ல, அவ்வளவுதான்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். படியிறங்கித் தையற்கடை வரை போனார். பூட்டியிருந்தது. மேலே வந்து, ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க முடியாமல், அக்காவைக் கூப்பிட்டார்.

“என்னடா, கிழமை மாறிக் கூப்பிடறே? உடம்புக்கு என்ன?”

“வேலை கெடச்சுடுச்சுக்கா.”

“அடப்பாவி! பாத்தியா, யாரு ட்ரெயினிங்?” என்று கத்தினாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். “எப்ப இருந்து? எங்க போகணும்?”

“ஒண்ணாம் தேதியில இருந்து. எங்கயும் போக வேண்டாம். எங்க இருந்து வேணும்னாலும் பாக்கலாம்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. இந்த வீட்டில் இருப்பதற்காகத்தான் இந்த வேலையைத் தேடினார். அந்த வேலைக்கோ இந்த வீடு வேண்டியதில்லை.

“எங்க இருந்து வேணும்னாலுமா?” என்று அக்கா நிதானமாகக் கேட்டாள். “அப்ப இங்க இருந்தும் பாக்கலாம்ல?”

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“தம்பி, இருக்கியா?”

“இருக்கேன்க்கா.”

“ஒண்ணு சொன்னா கோச்சுக்கமாட்டியே? உனக்கு இந்த வேலை கெடைக்கவே கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டேன்டா.”

“மூணு நாள் உக்கார வச்சுக் கேள்வி கேட்டியே?”

“அது உனக்காக. இது எனக்காக.” அவள் சிரிக்க முயன்றாள்; வரவில்லை. “காலையில ரெண்டு பேரும் கிளம்பிப் போனா ராத்திரிதான் வர்றாங்க. அது வரைக்கும் நானும் டிவியும்தான். அது பேசுது, நான் கேக்கறேன். நீ வந்தா சண்டை போடவாவது ஆள் இருக்குமேன்னு பாத்தேன். அந்த ரூமை நான் யாருக்கு வெள்ளையடிச்சேன்?”

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் கேட்ட குரல்தான் அது. அதில் தன்மேல் இரக்கம் இருக்கிறது என்று அவராக ஊகித்து நிரப்பிக்கொண்டு, அதற்காகத்தான் கூச்சப்பட்டிருந்தார். இப்போது கூச்சம் போய்விட்டது. ஆனாலும் அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில், மகனுக்கும் மருமகளுக்கும் எதிரே, பேச ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்துப் பார்த்தபோது, அவரால் முடியும் என்று தோன்றவில்லை.

“என்னால முடியாதுக்கா” என்றார். “நான் இங்கயே இருந்துக்கறேன். இங்க நான் பேசாம இருந்தா யாருக்கும் கஷ்டம் இல்ல.”

“எனக்குக் கஷ்டமா இருக்குன்னுதானேடா இப்பச் சொன்னேன்.”

அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, “சரி, வை. குக்கர் வச்சிருக்கேன்” என்றாள். அங்கே குக்கர் எதுவும் இரைவதாக அவருக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்காரரிடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து போன் வரவில்லை.

முதல் தேதி காலையில் குளித்து, திருப்பித் தைத்த காலர் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காமிரா வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், என்றாலும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டார். திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. ‘புதிதாகச் சேர்ந்தவரை வரவேற்கிறோம்’ என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் படங்கள் வந்தன. பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள் போலிருக்கிறது. கைகள் தட்டிக்கொண்டே இருந்தன. சத்தம் இல்லை. ‘நன்றி’ என்று தட்டச்சு செய்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பதிவைத் திறந்தார். யாரோ ஒரு டாக்டர், யாரோ ஒருவரின் மூட்டுவலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றியபோது கீழே தையற்கடையும் அடைத்திருந்தது. அவர் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். நிறைய நேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

“என்ன ஆபீசர், வேலை எப்படி?”

“நல்லாத்தான் இருக்கு.”

“கூட வேலை செய்யறவங்க எல்லாம் எப்படி? யார்கூடயாவது பேசினியா இன்னைக்கு?”

“இப்பதான்க்கா பேசறேன்.”

பின்னால் டிவியில் யாரோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து போய் அதை நிறுத்துவது கேட்டது.

“நானும் இப்பதான்டா” என்றாள்.